பொது நிர்வாக முதுகலை மாணவர்களுக்கு அரசு அலுவலகங்களில் களப்பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பொது நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் சங்கம்,
தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காஞ்சிபுரம்.

நகல்:
அரசுச் செயலர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
அரசுச் செயலர், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: முதுகலைப் பொது நிர்வாக மாணவர்களுக்கு ஊராட்சி, வட்டார, வட்ட அலுவலகங்களில் களப்பயிற்சி, தமிழில் பாடநூல் மற்றும் சில வசதிகள் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தென்னேரியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பொது நிர்வாகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருப்பவர்களும் படித்து முடித்தவர்களும் சேர்ந்து இந்த மனுவை அளிக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பலருக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பதிவு செய்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பாடப்புத்தகத்தைப் பிரிப்பவர்கள் நாங்கள்.

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் கேட்டு வந்திருக்கிறோம் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதையும் சேர்த்துக் கேட்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். பேசிப் பார்த்து விட்டுவிட்டோம். குரூப் 1 எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும், அதற்கு முதுகலை தேவையில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் ரூ.7,500 தரும் ‘நான் முதல்வன்’ திட்டமும் இருக்கிறது. அந்த வழியில் போகிறவர்கள் போகட்டும். எங்கள் குறை வேறு. அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதுதான் எங்கள் பாடம். இரண்டு வருடம் அதைப் படிக்கிறோம். அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஓர் அலுவலகத்தின் உள்ளே உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு வழியில்லை.

மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர், எழுத்தில் உள்ள கோப்புகளின் மேல்தான் நவீன அலுவலகம் நிற்கிறது என்றார். தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண் கேள்வி வரும், நாங்களும் எழுதிவிடுவோம். ஆனால் ஒரு மனு அலுவலகத்துக்கு வந்ததும் அதற்கு ந.க.எண் என்ற கோப்பு எண் எப்படி விழுகிறது, எழுத்தரின் தன் பதிவேட்டில் அது எந்தப் பத்தியில் ஏறுகிறது, எந்தக் கட்டத்தில் கண்காணிப்பாளர் மேசைக்குப் போகிறது என்று எங்களில் முதுகலை முடித்தவரைக் கேட்டால் விழிப்பார். தன் பதிவேட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. மதகு எப்படித் திறக்கும் என்று பார்க்காமலே பாசனம் படித்தவன் கதைதான் எங்கள் கதை. ஏரிக்கரையில் பிறந்தவர்கள் நாங்கள், இதை எங்களை விட யார் சொல்ல முடியும்?

சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவர், கிராம சபைத் தீர்மானங்களில் எத்தனை நிறைவேறின என்பதை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். “யார் அனுப்பினாங்க?” என்றார்கள். “படிக்கிறேன் சார்” என்று சொல்லியிருக்கிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்று பதில் வந்தது. போட்டார். முப்பது நாள் கழித்து வந்த கடிதம், நேரில் வந்து பார்வையிடலாம் என்றது. முதல் நாள் நேரில் போய் நின்றவரும் அவரேதான். அந்த அலுவலகத்தில் இருப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. மாணவன் என்று வருகிறவனை என்ன செய்வது என்று அவர்களுக்கு எந்த உத்தரவும் இல்லை, அவ்வளவுதான். அந்த உத்தரவைத்தான் கேட்கிறோம்.

எங்கள் சட்டமன்றத் தொகுதி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுக்கப்பட்டது, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்புகள் பிரிந்திருந்தன. இவை எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறவை. நிர்வாகம் படிக்கிற எங்களுக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொரு விதி. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. தணிக்கை என்ற அத்தியாயம் முழுவதையும் இந்த ஒரு விதியில் அடக்கிவிடலாம். அந்தச் சபையில் இடம் பெற நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. எங்கள் முன்னோர் பலருக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. ஆகவே நாங்கள் அதைப் பெருமைக்காக நினைவூட்டவில்லை. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் ஊர் விதிகளைக் கல்லில் வெட்டி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். இன்று அதே ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க ஒரு மாதம் காத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறோம். திறந்து காட்டுவதில் நம் மாநிலம் பின்தங்கியதும் அல்ல. மத்தியச் சட்டம் 2005இல் வருவதற்கு எட்டு வருடம் முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை: பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் இம்மாவட்ட மாணவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த முறையில் படித்தாலும், 30 வேலை நாட்கள் அரசு அலுவலகங்களில் களப்பயிற்சி பெற ஒரு பொது உத்தரவு பிறப்பிக்க வேண்டும். பத்து நாள் ஊராட்சியில், பத்து நாள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், பத்து நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் என்று பிரிக்கலாம். ஒரு நேரத்தில் ஓர் அலுவலகத்துக்கு இருவர் போதும். ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்காக, தொடர்ச்சியாக இல்லாமல் விடுப்பு நாட்களில் பிரித்துச் செய்யவும் அனுமதி வேண்டும். சம்பளமோ படியோ கேட்கவில்லை. வருகைக்கும் முடித்ததற்கும் ஒரு சான்று போதும். மாநில அளவில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை அரசுத் துறைகளுக்குள் கொண்டுவந்தது. நாங்கள் கேட்பது அதன் மிகச் சிறிய, செலவில்லாத, கிராமத்து வடிவம்.

அலுவலகத்துக்கு இதனால் தொந்தரவுதானே என்று கேட்கலாம். ஜமாபந்தி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்பதை நாங்கள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. பட்டா மாறுதலுக்கு எந்த மனு, அடங்கல் நகலுக்கு எந்த மனு என்று தெரியாமல் வாசலில் நிற்கும் முதியவர்களுக்கு எழுதிக் கொடுக்க எங்களால் முடியும். கிராமக் கணக்குகளை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதை அப்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வோம். ஊராட்சியில் ஐந்து வருடத் தீர்மானங்களை எடுத்து, முடிந்தது, நிதி வராதது, மறந்துபோனது என்று அட்டவணை போட்டுத் தருவோம். மறந்துபோனது என்ற பத்தி சற்று நீளமாக இருக்கலாம்; அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்கள் இருக்கின்றன. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது, அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது என்று எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த 29இல் எங்கள் ஊராட்சி உண்மையில் எவற்றைச் செய்கிறது, எவற்றுக்கு வேறு துறையின் கையை எதிர்பார்த்து நிற்கிறது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அது ஊராட்சிச் செயலருடைய மேசையில்தான் இருக்கிறது.

தனிநபர் விவரங்கள் பற்றிய அச்சம் நியாயமானது. பயனாளிகளின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் உள்ள கோப்புகளையும் விசாரணைக் கோப்புகளையும் எங்களுக்குக் காட்ட வேண்டாம். உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடத் தயாராக இருக்கிறோம். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4இன்படி அலுவலகமே தானாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களுக்குள் நின்றாலும் எங்கள் படிப்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதோடு, ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபைகளில் வேற்றூர் மாணவர்கள் பார்வையாளராக மட்டும் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தடையில்லை என்று ஒரு சுற்றறிக்கை இருந்தால் நல்லது.

அடுத்தது புத்தகம். சென்னைப் பல்கலைக்கழகம் 1937இலேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கியது. நாட்டின் முதல் மாகாணப் பணியாளர் தேர்வாணையம் 1929இல் சென்னையில்தான் அமைந்தது. இவ்வளவு பழைய மரபு இருந்தும், முதுகலைக்குத் தமிழில் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் வினா-விடை நோட்ஸ்தான். தமிழில் தேர்வு எழுதலாம் என்கிறார்கள். எதைப் படித்து எழுதுவது? நிர்வாகக் கோட்பாடு, நிதி நிர்வாகம், உள்ளாட்சி ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மூலம் நூல் வெளியிட உயர்கல்வித் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அலுவலகத் தமிழை அறிந்த ஓய்வுபெற்ற வட்டாட்சியர்களையும் கண்காணிப்பாளர்களையும் எழுத அழைத்தால், மொழிபெயர்ப்பு வாடை இல்லாத புத்தகம் கிடைக்கும். அதுவரை, வாலாஜாபாத் கிளை நூலகத்தில் இப்பாடத்துக்கு ஓர் அலமாரி ஒதுக்கினாலும் போதும்.

தொலைநிலை மாணவர்களுக்கான நேர்முக வகுப்புகளும் தேர்வு மையமும் காஞ்சிபுரம் நகரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமையில் அமையப் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இரவு ஷிப்ட் முடித்து நேராகச் சென்னைக்குத் தேர்வெழுதப் போனவர்கள் எங்களில் உண்டு.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் முதுகலை வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அதே கட்டத்தில்தான். முதுகலைக்கும் அதை நீட்டிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

பிந்திய மூன்று கோரிக்கைகளுக்கும் தலைமைச் செயலகம் வரை போக வேண்டும், நாளாகும் என்பதை அறிவோம். களப்பயிற்சிக்குத் தங்கள் கையெழுத்து ஒன்றே போதும். வரும் ஜமாபந்திக்கு முன் உத்தரவு கிடைத்தால், முதல் அணியாக வாலாஜாபாத் வட்டத்தில் பயிற்சிக்கு வரத் தயாராக உள்ள எட்டுப் பேரின் பட்டியலையும் அவர்களுடைய ஷிப்ட் நாட்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். இந்த மனுவின் ந.க.எண்ணை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அது எப்படி விழுகிறது என்பதையும் இந்த ஒருமுறையாவது பார்க்க ஆசை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: தென்னேரி

இணைப்பு: பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தோர் பட்டியல் – 1, உறுதிமொழிப் படிவ மாதிரி – 1