கேணல் கிராஃப் ஏன் பொய் சொன்னார்?

ஓர்சன் ஸ்கொட் கார்டின் 'என்டர்ஸ் கேம்' நாவலைப் பற்றி எங்களுக்குள்ள கதைக்கிற நேரமெல்லாம் ஒரே சண்டைதான். கேணல் கிராஃப் அந்தப் பெடியனை நேசித்தாரா, இல்லாட்டிப் பாவித்தாரா? 1985இல் நாவல் வந்தது. 2013 படத்தில் ஹரிசன் ஃபோர்ட் கிராஃபாக நடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. (முடிவு தெரியக்கூடாது எண்டு நினைக்கிறவர்கள் இதோட நிறுத்துங்கோ.)

எங்களுக்கு இந்தக் கேள்வியே பிழையாகப் படுகிறது. நேசமும் பாவனையும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. 6 வயது என்டரை விண்வெளிக்குக் கொண்டு போகும்போதே மற்றப் பிள்ளைகளின் முன்னால் கிராஃப் அவனைப் புகழ்கிறார். அந்தப் புகழாலேயே எல்லாரும் அவனை வெறுக்கத் தொடங்குகிறார்கள். கிராஃபுக்கு வேண்டியதும் அதுதான். எந்தப் பெரிய ஆளும் உதவிக்கு வரமாட்டார் என்று பெடியன் நம்ப வேண்டும். அவன் சண்டையில் அடித்த இரண்டு பிள்ளைகள் செத்துப் போனதைக்கூட அவனுக்குச் சொல்லவில்லை.

சிலர் கிராஃபுக்காக வாதாடுவார்கள்: "அவருக்கு வேற வழி இருக்கேல்லை." அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. என்டர் பிறக்க முன்னமே கப்பல்கள் எதிரியின் கிரகத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. போர் எப்பவோ தீர்மானமாகிவிட்டது. கப்பல்கள் போய்ச் சேர முன்னம் ஒரு தளபதியை உருவாக்கிக் கொடுப்பதுதான் கிராஃபின் வேலை. அவசரத்துக்குக் காரணம் விளங்குது.

ஆனால் அவசரம் பொய்க்குக் காரணம் ஆகாது. கடைசிச் சண்டை பயிற்சி விளையாட்டு என்று நம்பித்தான் என்டர் ஒரு கிரகத்தையே அழிக்கிறான். எதிரியை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு இரக்கமுள்ள பிள்ளைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அப்படியான பிள்ளை தெரிந்துகொண்டு கொல்லமாட்டான். அதனால்தான் ஏமாற்றினார்கள். இங்கேதான் கிராஃபின் மனசு வெளியில வருகிறது. உண்மையைச் சொன்னால் பெடியன் "மாட்டன்" என்பான் என்று அவருக்குத் தெரியும். பதிலைத் தெரிந்துகொண்டே கேள்வியைக் கேட்காமல் விட்டார்.

பிறகு நடந்ததையும் பாருங்கோ. கிராஃபை விசாரிக்கிறார்கள், விடுதலை செய்கிறார்கள், குடியேற்ற அமைச்சராக்குகிறார்கள். என்டருக்கோ பூமிக்குத் திரும்ப வழியில்லை. பழியும் அவனுக்குத்தான்.

போருக்குப் பிள்ளைகள் போன நாட்டில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு இது வெறும் கதைக் கேள்வி இல்லை. "தேவை இருந்தது" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தம். தேவை உண்மையாகவும் இருக்கலாம். அப்ப அதைப் பிள்ளையிடமே சொல்லியிருக்கலாமே?

ஒரு தலைவரின் மறைவான நோக்கத்தை அறிய அவர் அழுதாரா, சிரித்தாரா என்று தேடத் தேவையில்லை. ஆரிடம் எதை மறைத்தார் எண்டு பார்த்தால் காணும்.