கையெழுத்துப் போடும் முன்னே ஒரு நிமிஷம்!

"சீரியல் பார்த்துப் பார்த்தே இந்தப் பொம்பளைங்க கெட்டுப் போறாங்க!"

இந்த வசனம் கேட்காத வீடு தமிழ்நாட்டில் உண்டோ, சகோதரிகளே? எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் 'எதிர்நீச்சல்' ஓடிக்கொண்டிருந்த நாளில், ராத்திரி ஒன்பதரை ஆனதும் "என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்று முதல் ஆளாக வந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறவரும் அதே மனிதர்தான்!

இந்தப் பழி புதுசில்லை. 1984-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியபோதும் இதே பேச்சுத்தான் இருந்ததாம். அந்தத் தொடரில், ஒவ்வொரு நாளும் முடிவில் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அதற்கு முன்மாதிரி எங்கோ மெக்ஸிகோ நாட்டில் இருந்தது. மிகேல் சபிடோ என்பவர் 1975-ல் முதியோர் கல்விக்காகவே ஒரு தொடர்கதை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு ஏராளமான பேர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வரிசையில் வந்து நின்றார்களாம். ஆகவே, கதை பார்த்து மனுஷர் கெடவும் செய்யலாம், நிமிரவும் செய்யலாம். எது என்பது பார்க்கிற நம் கையில்தான் இருக்கிறது.

இந்த இதழில் நான் பேச நினைப்பது இரண்டு தொடர்களைப் பற்றி. இரண்டும் முடிந்துபோனவைதான். ஆனாலும் அவற்றில் வந்த ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அது என்ன தெரியுமா? பெண்பிள்ளையின் கையெழுத்து!

முதலாவது 'பாக்கியலட்சுமி'. விஜய் டி.வி.யில் 2020 ஜூலை முதல் 2025 ஆகஸ்ட் வரை, ஐந்து வருஷம் ஓடியது. கதையின் வேர் வங்காளத்தில். 2019-ல் வந்த 'ஸ்ரீமோயி'தான் தாய்க்கதை. அதுவே இந்தியில் 'அனுபமா', மலையாளத்தில் 'குடும்பவிளக்கு', தமிழில் நம் பாக்யா. ஒரு பெண்ணின் கதை இத்தனை பாஷையில் ஓடுகிறது என்றால், இத்தனை ஊரிலும் பாக்யாக்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

விடிந்தால் காப்பி, டிபன், மாமியாருக்கு மாத்திரை, பிள்ளைகளுக்கு டப்பா என்று சுழல்கிறவள் பாக்யா. இங்கிலீஷ் வராது என்று கணவன் கோபி அவளைத் தாழ்த்திப் பேசுகிறான். வேறொருத்தியோடு வாழ ஆசைப்பட்டு, இன்ன காகிதம் என்றே சொல்லாமல் விவாகரத்துக்கு அவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறான். அவளும் "இவர் நீட்டினால் சரியாகத்தான் இருக்கும்" என்று போட்டுவிடுகிறாள். அன்றைக்கு எங்கள் தெருவில் அந்தக் கோபிக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது! பக்கத்து வீட்டு ஆச்சி டி.வி.யைப் பார்த்து, "ஏட்டி, வாசிச்சுப் பாரு! வாசிச்சுப் பாரு!" என்று கத்தினதுதான் உச்சம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிஜத்தில் அத்தனை சுலபமாக விவாகரத்து கிடைத்துவிடாது. இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால், ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆறு மாதம் போனபின் மறுபடி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம், தகுந்த காரணம் இருந்தால் இந்த ஆறு மாதக் கெடுவைத் தளர்த்தலாம் என்றது. எப்படியானாலும், இரண்டு பேருக்கும் மனசார சம்மதமா என்று நீதிபதி திருப்திப்பட்டால்தான் தீர்ப்பு. கதாசிரியர் இதைக் கொஞ்சம் எட்டித் தாண்டிவிட்டார். போகட்டும், சொல்ல வந்த சேதி நிஜம்.

இரண்டாவது 'எதிர்நீச்சல்'. சன் டி.வி.யில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை வந்தது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இயக்குநர். படித்த பெண்களாகத் தேடித்தேடி மருமகளாக்கி, அவர்களை அடுப்படியைத் தாண்ட விடாத ஆதி குணசேகரன் வீட்டுக் கதை. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்கள். நாலு பேரும் அடுப்படியில் நின்று பேசுகிற பேச்சு இருக்கிறதே, அடடா! ஓரகத்திகள் என்றாலே சண்டைதான் என்று காட்டுகிற தொடர்களுக்கு நடுவில், இவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி துணை. எனக்கு நந்தினிதான் செல்லம். அழுகிற நேரத்திலும் ஒரு கேலி வைத்திருப்பாள்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை மறக்க முடியுமா? தேனிப் பக்கத்து மனிதர். அவர் வாயில் வந்த "ஏம்மா ஏய்" சின்னப் பிள்ளைகள் வரை பரவியது. 2023 செப்டம்பர் 8-ம் தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சுவலி வந்து காலமானார். அதுவரை அவரைத் திட்டித் தீர்த்த எங்கள் தெருவே அன்று அழுதது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். நன்றாகத்தான் செய்தார். ஆனாலும் அந்த நாற்காலி காலியாகவே தெரிந்தது எனக்கு.

அந்தக் கதையின் முடிச்சு என்ன? அப்பத்தா பட்டம்மாளின் நாற்பது சதவீதச் சொத்துப் பங்கு! அந்தக் கிழவி கொடுக்க நினைப்பது ஒரு பக்கம், பேரன் பறிக்க நினைப்பது ஒரு பக்கம். ஒரு பெண்பிள்ளையின் கை அசைவுக்காக ஆம்பளைகள் இத்தனை பாடு படுகிறார்களே, அப்படியானால் அந்தக் கைக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும் என்று யோசித்தீர்களா?

இனி, எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தாமிரபரணிக் கரை பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தவித்தார்கள். அந்தப் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட அக்காளின் பிறந்த வீடு. வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரமெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. சார்பதிவாளர் ஆபீசில் நகல் வாங்கினார்கள். "நகல் வாங்கினதுதான் வாங்கினோம், அப்படியே எல்லாத்தையும் என் பேருக்கு ஒழுங்கு பண்ணிருவோம்" என்று அக்காளின் தம்பி நினைத்தான். பெரியப்பா உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தவர், பெரியம்மாவும் இல்லை. மிச்சம் இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு ஆண்பிள்ளை.

2024 பங்குனியில் ஒருநாள் தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினான். "அக்கா, வீட்டு விஷயமா ஒரு பேப்பர். ஒரு கையெழுத்துத்தான். நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தாப் போதும்."

அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். அப்புறம் என்ன தோன்றிற்றோ, கீழே வைத்துவிட்டாள். "பாக்யா போட்ட கையெழுத்து ஞாபகம் வந்துட்டு ளா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"தம்பி, ஒருநாள் குடு. வாசிச்சுட்டுப் போடுதேன்."

அவன் முகம் கறுத்துப் போயிற்று. நாத்தனார் இப்படிக் கேட்டாளே என்று அவன் பெண்டாட்டி போனில், "எல்லாம் சீரியல் குடுத்த புத்தி!" என்றாளாம். என்றாலும் காகிதத்தை வைத்துவிட்டுத்தான் போனான். அக்காளின் மகள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாயில் சொன்னது வீடு மட்டும். எழுதியிருந்ததோ வீடும், ஆற்றுப் பாசன வயல் ஒன்றேகால் ஏக்கரும்! தம்பி ஒன்றும் கெட்டவன் இல்லை. 'பெண்பிள்ளை விடுதலைப் பத்திரம்' என்றால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுவதுதான் அந்த எழுத்தருக்குப் பழக்கமாம்.

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். வீடு தம்பிக்கே இருக்கட்டும் என்று அக்காளும் தங்கச்சியும் மனசார விட்டுக்கொடுத்தார்கள். வயல் மூன்று பங்காயிற்று. இப்போது அக்காள் பங்கு வாழைக்குக் குத்தகை போயிருக்கிறது. அந்தப் பணம் அவள் பெயரில் போஸ்டாபீசில் விழுகிறது.

சுபம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வருஷம் கோயில் கொடைக்கு அக்காளைக் கூப்பிடவில்லை. "பிறந்த வீட்டு வாசல் அடைஞ்சிட்டே" என்று எத்தனை ராத்திரி அழுதாள் என்று எனக்குத்தான் தெரியும். 2025 பொங்கலுக்குத்தான் பொங்கப்படியும் கரும்புக்கட்டுமாகத் தம்பி வந்தான். கேட்டால் உறவு போய்விடுமோ என்கிற பயம் பொய்யில்லை, சகோதரிகளே. கொஞ்சநாள் போகத்தான் செய்யும். அதைத் தாங்குகிற தெம்பும் நமக்கு வேண்டியிருக்கிறது.

சரி, முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டியவை சில:

1. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்து அந்த வித்தியாசத்தை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடிந்ததை மட்டும் கிளற முடியாது.

2. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் மனைவி, மகன், மகள், அப்பாவின் தாயார் எல்லாருக்கும் சமம்.

3. இது இந்துக் குடும்பங்களுக்கு. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் சமமாக. மேலப்பாளையம், காயல்பட்டினம் முஸ்லிம் சகோதரிகளுக்கு அவர்களது மார்க்கச் சட்டம்: மகளின் பங்கு மகன் பங்கில் பாதி. பாதியானாலும் உரிமை உரிமைதான்.

4. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பதால் பங்கு தானாக அழிந்துவிடாது. நீங்களாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் போகும். சொத்து யார் பெயரில் எப்படி மாறியது என்பதற்கு வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.

5. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று மலைக்க வேண்டாம். மாவட்டக் கோர்ட்டுகளில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச உதவி உண்டு. போன் 15100. வீட்டில் அடி உதை என்றால் 181.

தொடர்களின் மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். ஓர் அறையை மூன்று தடவை திருப்பிக் காட்டுவது, இருநூறு எபிசோடு அழவிட்டு ஒரே எபிசோடில் நிமிர வைப்பது, இதெல்லாம் எனக்கும் எரிச்சல்தான். கைப்பிள்ளை மடியில் இருக்கும்போது அந்தக் கூச்சலும் இடி முழக்க இசையும் வேண்டாமே! பரீட்சை நேரத்தில் பெட்டியை மூடி வைக்கிற கண்டிப்பும் நமக்கு வேண்டும்.

ஆனால் ஒன்றுக்காகப் பாக்யாவைக் கையெடுத்துக் கும்பிடலாம். எல்லாம் கெட்டுத் திரும்பி வந்த கோபியோடு, "மறுபடி சேர்ந்து வாழு" என்று மாமியார் நச்சரித்தபோது, அவள் கோபப்படாமலே மறுத்தாள். முன்னே அறியாமல் கையெழுத்துப் போட்ட அதே பெண், இப்போது அறிந்தே "வேண்டாம்" என்றாள். அந்தத் தூரத்தைக் கடக்க அவளுக்கு வருஷக்கணக்காயிற்று. நமக்கு ஒருநாள் அவகாசம் கேட்டு, நிதானமாக வாசிக்கிற பழக்கம் போதும்.

கண்ணாடி போட வேண்டிய வயசா? போட்டுக்கொண்டு வாசியுங்கள். எழுத்து விளங்கவில்லையா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும், நமக்கு அவசரமில்லை.

உங்கள் வீட்டில் எந்தத் தொடர், எந்தக் காட்சி உங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது? ஒரு கார்டில் எழுதிப் போடுங்களேன். அடுத்த இதழில் சேர்ந்து பேசுவோம்!