அடங்கலில் பெயர் இல்லாதவருக்கு எந்த வங்கி?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த, விழுப்புரம் மாவட்டத்தின் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தால் அதைத் தாங்க முடியவில்லை. மலட்டாறு கரை மீறியது. அரசூர், இருவேல்பட்டு பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. தண்ணீர் வடிந்தபோது நெல்லும் கரும்பும் சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடந்தன.

அந்த வயல்களில் சொந்த நிலத்தில் பாடுபட்டவரும் இருந்தார், குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டவரும் இருந்தார். வெள்ளம் இருவரையும் ஒன்றாகத்தான் அடித்தது. அதற்குப் பிறகு வந்த உதவிதான் இருவரையும் பிரித்தது. பட்டா உள்ளவருக்கு, அரசு அறிவித்தபடி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் இருந்தது. சொசைட்டி எனப்படும் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால், அதை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை கேட்க வழி உண்டு. குத்தகைக்காரர் இவற்றில் எதைக் கேட்டுப் போனாலும், முதலில் நிலத்துக்காரரின் கையெழுத்தை வாங்கி வர வேண்டும். சொசைட்டியில் கணக்கே இல்லாதவர் தவணை கேட்பது எப்படி? அவருடைய கடன் உரக்கடையிலும் வட்டிக்காரரிடமும் அல்லவா இருக்கிறது!

கிராமத்துக்குக் கடன் கொண்டுபோவதற்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கிய வங்கி நபார்டு. அதன் வரவு செலவு ஆண்டுக்கு ஆண்டு பெருத்துவருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வங்கியை அளக்க வேண்டிய கோல் தொகை அல்ல, இந்தக் குத்தகைக்காரர் என்பதே என் கருத்து.

இந்த வங்கியின் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் விவசாயிகளை வட்டியிலிருந்து மீட்க வழி தேடிய பிரடெரிக் நிக்கல்சன், ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியின் ரைஃபைசன் தொடங்கிய சங்கங்களில் அவர் கண்டது ஒன்றுதான்: அடமானச் சொத்தை விட, ஒருவரை ஒருவர் அறிந்த ஊராரின் கூட்டுப் பொறுப்பு வலுவானது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் கடன் சங்கம் தொடங்கியது. ஆனால் சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 1951–52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3 சதவீத அளவே என்றும், வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை என்றும் காட்டியது. மீதியில் பெரும்பகுதி வட்டிக்காரர்களுடையது. பின்னர் பி. சிவராமன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1982 ஜூலை 12-இல் நபார்டு பிறந்தது. தொடக்க மூலதனம் 100 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி தன் பங்குகளை விட்டுக்கொடுத்துவிட்டதால் இன்று அது முழுக்க மத்திய அரசின் உடைமை. கிராமக் கடனை லாபக் கணக்கை மட்டும் பார்த்து நடத்தக் கூடாது என்பதற்காகத்தானே அரசு ஒரு வங்கியைத் தன் கையில் வைத்திருக்கிறது.

நபார்டுக்கு ஊருக்குள் கிளை கிடையாது. அது ஒரு மொத்த வியாபாரி. அதன் பணம் சென்னையிலுள்ள தலைமைக் கூட்டுறவு வங்கிக்கு வந்து, அங்கிருந்து விழுப்புரம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வழியாக, ஊரில் நாம் சொசைட்டி என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இறங்குகிறது. இன்னொரு கிளை வாய்க்கால் தமிழ்நாடு கிராம வங்கி வழியே வருகிறது. இந்த வாய்க்கால் நன்றாகவே வேலை செய்கிறது. உரிய தேதியில் திருப்பிக் கட்டுபவருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது, மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மடை திறக்கும் இடத்தில் கேட்கும் சாவி, நில உடைமையைக் காட்டும் சிட்டாவும் பயிர்ப் பதிவேடான அடங்கலும்தான். அது இல்லாதவருக்கு நகைக்கடன் இருக்கிறதே என்பார்கள். மனைவியின் தோட்டை வைத்து வாங்குவது தோட்டின் மீதான நம்பிக்கை. உழுபவர் மீதான நம்பிக்கை அதில் எங்கே இருக்கிறது?

திருவெண்ணெய்நல்லூருக்கு ஓலை வழக்கு புதிதல்ல. சுந்தரரைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடிய முதியவரின் வழக்கு இந்த ஊர்ச் சபையில்தான் நடந்தது என்கிறது பெரியபுராணம். படி ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்த பிறகு, சபையார் மூல ஓலையைக் கேட்டு வாங்கினார்கள். அதிலிருந்த சுந்தரரின் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆவணத்தை அவ்வளவு மதித்த ஊர் இது. இன்று இந்த வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடுகிறவரிடம் சபையில் நீட்ட ஓலையே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

இதற்கான காரணத்தை மறைக்கத் தேவையில்லை. 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் வந்த சட்டமும் உழுபவரைக் காக்கவே எழுதப்பட்டவை. அவற்றின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் நிலத்துக்காரர்களிடம் நிலைத்துவிட்டது. சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை பார்க்கிற உரிமையாளர் நிலத்தைத் தரிசாகப் போடுவார், இல்லையென்றால் வாய்மொழியில் விடுவார். அடங்கலில் அவர் பெயர்தான் இருக்கும். இப்போது உழவர்களுக்குக் கொடுக்கப்படும் தனித்துவ அடையாள எண்ணும் நில உடைமையை வைத்தே தரப்படுகிறது. குத்தகைக்காரர் இன்னும் ஒரு படி வெளியே தள்ளப்படுகிறார். 2021-இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் பேர் பயன்பெற்றார்கள். கடன் தரப்படாதவருக்குத் தள்ளுபடி எப்படிக் கிடைக்கும்?

காகிதம் இல்லாமல் கடன் கொடுத்தால் திரும்பாது என்பது வங்கியாளர்களின் பழைய வாதம். அதற்குப் பதிலை எழுதியதே தமிழ்நாடும் நபார்டும்தான். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், விழுப்புரத்தையும் உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு 1991–92-இல் வந்தது. 1992-இல் 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க நபார்டு முன்வந்தது. பட்டா இல்லாத, பலர் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பெண்கள் வாரந்தோறும் கூடிச் சேமித்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கிய கடனைக் கட்டினார்கள். நிக்கல்சன் எழுதியது சரி என்று நூறு ஆண்டு கழித்து நிரூபித்தவர்கள் இந்தப் பெண்கள். நபார்டின் வரலாற்றிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதே வழியில் 4 முதல் 10 பேர் வரை சேரும் கூட்டுப் பொறுப்புக் குழு என்ற திட்டத்தைக் குத்தகை விவசாயிகளுக்காக 2006-இல் நபார்டு வகுத்தது. நல்ல திட்டம். ஆனால் சொசைட்டியின் பயிர்க்கடனுக்குள் அது முதன்மை வழியாக வளரவில்லை. குழு என்ற அந்த யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனவை தனியார் நுண்கடன் நிறுவனங்கள். 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. தவணை தவறினால் வாசலில் வந்து உட்காரும் வசூல்காரர்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நிலமுள்ளவர் வட்டியில்லாமல் வாங்குகிறார், நிலமில்லாதவர் எல்லோரையும் விட அதிக வட்டி கட்டுகிறார். இந்தத் தலைகீழ் நியாயத்தை நேராக்கத்தான் ஓர் அரசு வங்கி தேவை.

சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. வங்கிகள் தம் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தர வேண்டும் என்பது விதி. முன்னுரிமைக் கடனில் குறை வைக்கும் வங்கிகளின் பணத்தைக் கொண்டு 1995–96 முதல் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி நடக்கிறது. முதல் ஆண்டில் 2,000 கோடியில் தொடங்கியது. நபார்டு அதிலிருந்து மாநில அரசுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. பாலம், சாலை, பாசன வேலைகள் அதில் நடக்கின்றன. 2021 வெள்ளத்தில் எல்லிஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்ததைப் பார்த்த மாவட்டத்துக்கு இத்தகைய முதலீட்டின் அருமை தெரியும். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விவசாயிக்குப் போய்ச் சேராத கடன் அரசுக்குக் கடனாகி, கான்கிரீட்டாக நிற்பதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. அந்தப் பாலத்தின் மீது விளைச்சலை ஏற்றிச் செல்ல வேண்டியவரின் கையில் விதைக்குப் பணம் வேண்டாமா?

ஆந்திரம் 2011-லேயே குத்தகை விவசாயிகளுக்குத் தனி அட்டை கொடுக்கச் சட்டம் செய்தது. 2019-இல் அதை மாற்றி எழுதியபோது நிலத்துக்காரரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பழைய முள் மறுபடி தைத்தது. வங்கதேசம் வேறு வழியில் போனது. அந்நாட்டு மத்திய வங்கி 2009-இல் 500 கோடி டாக்காவைப் பங்குக் குத்தகை விவசாயிகளுக்கென்றே ஒதுக்கி, கிராமங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பிராக் அமைப்பின் வழியாகக் கொடுத்தது. பணத்தை ஒதுக்கும்போதே அது யாருக்கு என்று எழுதிவிட்டார்கள். நபார்டும் கூட்டுறவு வங்கிகளுக்கு மறுநிதி தரும்போது இதைச் செய்யலாம். குத்தகைக் குழுக்களுக்குக் கொடுத்த கடனுக்கு மட்டும் இன்னும் குறைந்த வட்டியில் மறுநிதி என்று அறிவித்தால், சொசைட்டிச் செயலாளரே ஆளைத் தேடிப் போவார். இந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் பயிர் வைத்தவர் இன்னார் என்று குழுவும் கிராம நிர்வாக அலுவலரும் சான்று தந்தால் போதும். அந்தச் சான்று கடனுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமே, நில உரிமைக்கு அல்ல என்று அதிலேயே எழுதிவிட்டால் நிலத்துக்காரரின் பயமும் குறையும்.

மாவட்டந்தோறும் நபார்டின் வளர்ச்சி மேலாளர் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்துக்கு வளம் சார்ந்த கடன் திட்டம் என்ற புத்தகத்தை அவர் அலுவலகம் வெளியிடுகிறது. எந்தப் பயிருக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு, ஆழ்துளைக் கிணற்றுக்கு எவ்வளவு என்று அதில் விரிவாக இருக்கும். விழுப்புரத்தின் அடுத்த திட்டத்தில், ஒவ்வொரு சொசைட்டியிலும் எத்தனை குத்தகை விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கையும் நபார்டு அச்சிட வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்திலிருந்தே தொடங்கட்டும்.