பழைய போல்ட் வேண்டாம்!

வாடகைக் கார் ஓட்டுகிறவர் வீட்டில், கார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

அந்தக் கார் ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

"போல்ட் நல்லாத்தானே இருக்கு? பழசையே போட்டுடுங்க அண்ணே" என்கிறார் டிரைவர்.

மெக்கானிக்கும் தலையை ஆட்டுகிறார்.

இது சிக்கனம் அல்ல. நஷ்டத்துக்கு வழி!

கேஸ்கட் செய்யும் வேலை

என்ஜினின் அடிப்பாகம் பிளாக். அதற்கு மூடி போல் இருப்பது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவே உள்ள தகடுதான் ஹெட் கேஸ்கட்.

உள்ளே பெட்ரோல் எரியும்போது சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். அந்த நெருப்பும், தண்ணீரும், ஆயிலும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் காப்பது இந்தத் தகடு.

அது போனால் தண்ணீர் குறையும். என்ஜின் கொதிக்கும். வெள்ளைப் புகை வரும். ஆயில், பால் கலந்த காப்பி போல் ஆகிவிடும்.

தகட்டை அழுத்திப் பிடிப்பவை ஹெட் போல்ட்டுகள். 4 சிலிண்டர் என்ஜினில் பெரும்பாலும் 10 போல்ட்டுகள் இருக்கும்.

நீளும் போல்ட்

இக்காலக் கார்கள் பலவற்றில் இந்த போல்ட் தனி ரகம். முதலில் குறிப்பிட்ட அளவு முறுக்குவார்கள். பிறகு 90 டிகிரி, அதாவது கால் வட்டம் திருப்புவார்கள். சிலவற்றில் இன்னொரு கால் வட்டமும் உண்டு.

அப்போது போல்ட் சிறிது நீளும். அந்த இழுப்பில்தான் ஹெட் சீராக அழுந்தும். கழற்றிய பிறகு போல்ட் பழைய நீளத்துக்கு முழுவதும் திரும்பாது.

தளர்ந்துபோன எலாஸ்டிக் மறுபடி இறுக்கிப் பிடிக்குமா? அதே கதைதான். மீண்டும் முறுக்கினால் பிடிப்பு குறையலாம். போல்ட் அறுந்தும் போகலாம்.

எல்லா வண்டிக்கும் இப்படியா?

இல்லை. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் ஸ்டட்டும் நட்டும் இருந்தன. மரை கெடாமல் இருந்தால் அவற்றைத் திரும்பவும் போடலாம். எந்த வண்டிக்கு எது என்பதைக் கம்பெனி கொடுத்த புத்தகம் சொல்லும். அதைப் பார்ப்பது மெக்கானிக்கின் கடமை.

புது போல்ட் மட்டும் போதாது. துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கி இருந்தால், முறுக்கும்போது பிளாக்கே வெடித்துவிடக்கூடும். துடைத்துவிட்டு, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக முறுக்க வேண்டும்.

போல்ட் செலவு ஒரு முறை. கேஸ்கட் மறுபடி போனால் கேஸ்கட் விலை, பிரிக்கும் கூலி, ஓடாத நாட்களின் வருமானம் எல்லாம் இன்னொரு முறை!

ஆகவே கூலி பேசும்போதே போல்ட் விலையையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். அதை முதலில் எடுத்துச் சொல்கிறவரே நல்ல மெக்கானிக்.