எழுத நேரமேது?

நம் மன்ற இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டுப் பாருங்கள். "எழுத நேரமேது?" என்ற விடை ஓடி வரும். நானும் அதைச் சொன்னதுண்டு. இரசாயனம் படிப்பவர்க்கு இந்தச் சாக்கு இன்னும் எளிது. காலையில் சோதனைச்சாலைக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது விளக்கேற்றும் நேரம். ஆனால் உண்மை என்ன? குடுவையை ரிஃப்ளக்ஸில் ஏற்றிவிட்டால் ஆறு மணி நேரம் அது தானே கொதிக்கிறது. மணிக்கொரு முறை டி.எல்.சி. தட்டு ஒன்றைப் பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரமெல்லாம் கைப்பேசியைத் தடவுகிறோம். நேரமில்லையாம்!

"நேரம் கிடைத்தாலும் எழுத என்ன இருக்கிறது? இது சனத்நகர். தஞ்சையா, மதுரையா?" என்று கேட்டார் ஒரு நண்பர். இதுதான் நம் உள்ளத்தில் உள்ள உண்மையான தடை. சென்ற ஆண்டு நான் எழுதியது காவிரியைப் பற்றிய கவிதை. அந்தக் காவிரியை நான் கண்டது மூன்றே முறை, அதுவும் இரயில் சன்னல் வழியாக! வாரந்தோறும் போய்வரும் எர்ரகட்டாச் சந்தையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

எர்ரகட்டாவில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, தார்நாகாவில் இறங்குவோர் நம்முள் பலர். வழியில் செகந்திராபாத் வருகிறது. அங்கே 1931-இல் பிறந்து, இரயில்வே ஊழியரின் மகனாக வளர்ந்து, 1952-இல் சென்னைக்குப் போனவர்தான் ஜ. தியாகராஜன் என்ற அசோகமித்திரன். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்த நாட்களை, கிரிக்கெட் ஆடித் திரிந்த ஒரு தமிழ் மாணவனின் கண்ணால் எழுதினார். நூலின் பெயர் '18வது அட்சக்கோடு'. (நகரம் இருப்பது பதினேழரைக்கு அருகில் என்று விஞ்ஞான மாணவர்கள் சண்டைக்கு நிற்க வேண்டாம்.)

அவருக்கு நேரம் கொட்டிக் கிடந்ததா? 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை. செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய பணிகளில் ஒன்று. கண்டவர்கள், இவருக்கு வேலையே இல்லை என்றெண்ணி அறைக்குள் வந்து உபதேசம் செய்தார்களாம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் சிலர் படித்திருப்பீர்கள். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்தும் அவர் எழுதியிருக்கிறார். இத்தாலியின் பிரிமோ லெவியோ நம் இனம், இரசாயனக்காரர்! பெயிண்ட் தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் எழுதினார். தனிமங்களின் பெயர்களையே தலைப்பாக்கி 1975-இல் ஒரு கதை நூல் தந்தார்.

"அசோகமித்திரன் ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து ஆண்டு கழித்தல்லவா எழுதினார்? 1977-இல்தானே நூல் வந்தது? நாமும் பிறகு எழுதலாமே" என்பீர்கள். எழுதலாம், தடையில்லை. ஆனால் அவர் இங்கிருந்தபோது கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பாராததை இருபத்தைந்து ஆண்டு கழித்து எங்கிருந்து எடுப்பது?

என் தந்தையார் இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் பிட்டர். வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதன்பின் பெற்றோர் இருவரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொல்லும் கதைகளை இத்தனை ஆண்டுகள் காதில் போட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்திருக்கிறேன். தெலுங்கு தெரியாமல் வந்த முதல் வாரம். மேஸ்திரி "பானா, பானா" என்று கத்துகிறார். ஸ்பேனரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அப்பா ஓடிப்போய்த் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாராம். கொட்டகையே சிரித்ததாம். அன்று முதல் அந்த மேஸ்திரிதான் அவருக்குத் தெலுங்கு ஆசிரியர்.

நேற்று குடுவை கொதித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. மேஸ்திரியின் பெயர் தெரியாமல் பேனா நின்றுவிட்டது. இரவு அப்பாவைக் கேட்டேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.