பி.காம். முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பஸ்ஸில் பழைய டியூஷன் சார் கேட்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "வெறும் பி.காம்.மை எல்லாம் இப்ப யாரு மதிக்கிறா? கூட ஒரு டிகிரி போட்டு வை. கரஸ்ல எம்.பி.ஏ. சேந்துடு."

இந்த 'போட்டு வை' எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஏதோ ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி! போட்டு வைத்தால் தானாக வட்டி வருமா என்ன?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டையும் வேலையையும் விடாமல், நமக்குக் கிடைக்கிற நேரத்தில் படிக்க இன்று ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன. அதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த வழிகளை இன்னொரு சான்றிதழ் வாங்கத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை தனியாகச் செய்து முடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் சண்டை போடலாம் :-)

என்னென்ன வழிகள் இருக்கு?

அஞ்சல்வழிக் கல்வி நம் நாட்டில் புதிதல்ல. டெல்லி பல்கலைக்கழகம் 1962-இலேயே தொடங்கிவிட்டது. நம் பக்கம் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் ஆரம்பித்தன. 1985-இல் இக்னோ வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. தபாலில் கட்டுக்கட்டாகப் பாடப் புத்தகம் வரும், ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது இன்னும் பல கதவுகள் திறந்திருக்கின்றன. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கல்லூரி ஒப்புக்கொண்டால் அந்த மதிப்பெண்ணை நம் டிகிரி கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த யு.ஜி.சி. விதி, 40 சதவீதப் பாடங்கள் வரை இதற்கு இடம் தருகிறது. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைத் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்கு ஏற்ற சான்றிதழ் உண்டு. 2022 ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கவும் யு.ஜி.சி. அனுமதி கொடுத்துவிட்டது.

இதோடு எங்களை மாதிரி ஷிப்ட் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எனக்கு இரண்டாவது ஷிப்ட், மதியம்தான் வகுப்பு. காலை முழுக்க என்னுடையது. இந்த அரை நாளை யாரும் 'கல்வி வாய்ப்பு' என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மூன்று வருடம் தினமும் நான்கு மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள்.

'கரஸா?' என்று இளக்காரமாகக் கேட்பவர்களுக்கு

தொலைநிலைக் கல்வியை நான் மட்டம் தட்டவில்லை. யு.ஜி.சி. அங்கீகாரத்தோடு படித்த தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி.யே தெளிவாகச் சொல்லிவிட்டது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவர், கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகளோடு விட்ட படிப்பைத் தொடரும் அக்கா, 'பஸ் ஏறிப் போற காலேஜ் வேணாம்' என்று வீட்டில் தடுக்கப்பட்ட பெண். இவர்களுக்கெல்லாம் அதுதான் ஒரே வழி. வேலைக்கும் போய்விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகத்தைத் திறப்பவரைப் பார்த்து, ஏ.சி. ஹாலில் தூங்கிக்கொண்டே வருகைப்பதிவு வாங்குகிற நாம் சிரிக்கக் கூடாது.

என் கேள்வி நம்மை மாதிரி ஆட்களைப் பற்றியது. ஏற்கெனவே ஒரு டிகிரி படித்துக்கொண்டிருக்கிறோம். எதற்கு என்று தெரியாமலேயே இரண்டாவதைப் 'போட்டு வைக்கிறோம்'.

"டிகிரி இல்லாம எவன் கூப்பிடுவான்?" என்று கேட்பீர்கள். சரிதான். வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும் டிகிரி வேண்டும். ஆனால் அதற்கு ஒரு டிகிரி போதும், அது நம்மிடம் வரப்போகிறது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். இரண்டாவது பட்டம் நிஜமாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.காம்.மும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரியில் பாடம் எடுக்க எம்.காம்.மோடு நெட் அல்லது செட் எழுத வேண்டும். எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்து சேர்ந்தால் அது திட்டம். தெரியாமல் சேர்ந்தால் வெறும் செலவு.

அந்தச் செலவு யாருடையது?

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கட்டி ஆறு மாத அக்கவுன்ட்ஸ் கோர்ஸில் அவளைச் சேர்த்தார்கள். அவள் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கோர்ஸ் முடிந்ததும் அந்த 'உத்தரவாதத்தின்' பேரில் வந்தவை மூன்று இன்டர்வியூக்கள். மூன்றுமே கிரெடிட் கார்டு விற்கும் டெலிகாலிங் வேலை. அவளுக்கு டேலி நன்றாகவே தெரியும். அதை வேறு இடத்தில் நாலில் ஒரு பங்கு பணத்தில் கற்றிருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை:

1. தொலைநிலை, ஆன்லைன் பட்டப் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. 2024-லிருந்து சேருகிற மாணவரே அந்தத் தளத்தில் பதிந்து 'டெப் ஐ.டி.' எடுக்க வேண்டும். 'அதெல்லாம் வேண்டாம் தம்பி, நாங்க பாத்துக்கறோம்' என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

2. பொறியியல், சட்டம், நர்சிங் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதி கிடையாது. தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது செல்லாத சரக்கு.

3. தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்து, +2, பிறகு டிகிரி என்ற வரிசை முக்கியம். +2 முடிக்காமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இலேயே அரசாணை வந்துவிட்டது. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய.

4. 'வேலை உத்தரவாதம்' என்றால் என்ன வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சரி, எதைத்தான் கற்றுக்கொள்வது?

நான் காலை நேரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறேன். சம்பளம் பெரிதாக இல்லை, பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போகும். ஆனால் எந்த வேலை தெரிந்தால் மதிப்பு வருகிறது என்று அங்கே கண்ணால் பார்க்க முடிகிறது.

ஒரு உதாரணம். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறார். 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 18,000 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார். தான் விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து இந்த 18,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். இதுவரை நம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் சரக்கு கொடுத்தவர் 11-ஆம் தேதிக்குள் தன் ஜி.எஸ்.டி.ஆர்.-1 கணக்கில் அந்த பில்லை ஏற்றவில்லை என்றால், 14-ஆம் தேதி கடைக்காரருக்கு வரும் 2பி பட்டியலில் அது இருக்காது. பட்டியலில் இல்லாததை அந்த மாதம் கழிக்க முடியாது. 20-ஆம் தேதி 3பி போடும்போது 18,000 ரூபாயைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். சின்னக் கடைக்கு அது ஒரு ஆள் சம்பளம்.

14-க்கும் 20-க்கும் நடுவில் கடையின் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட பில்களைப் பிடித்து, சப்ளையருக்குப் போன் போட்டு, 'அடுத்த மாசமாவது ஏத்திடுங்க சார்' என்று விடாமல் துரத்த ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஆபீஸில் இதைச் செய்கிற அண்ணன் சாதாரண பி.காம்., அதுவும் தொலைநிலையில் படித்தது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் ஆடிட்டர் சாரே பதறுகிறார்.

அந்த அண்ணனுக்குத் தெரிந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் நாலே விஷயம்.

எக்செல்: விலுக்அப், பிவட் டேபிள், சம்இஃப். பத்து ஃபார்முலா கைவந்தால் போதும். இலவசமாகவே கற்கலாம். ஹாஸ்டல் மெஸ் கணக்கை எடுத்துப் பழகுங்கள்.

டேலி: பழகுவதற்கு லைசென்ஸ் இல்லாத கல்விப் பதிப்பு இருக்கிறது. எல்லாத் தேதியிலும் பதிய முடியாது, ஆனாலும் கற்றுக்கொள்ள அது தாராளம்.

டைப்பிங்: தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைக் கிண்டல் செய்யாதீர்கள். லோயர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்கு குரூப் 4 தட்டச்சர் பணியிலும் வழி இருக்கிறது.

பேச்சும் கடிதமும்: கோபமாக இருக்கிற வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசுவது, ஐந்து வரியில் தப்பில்லாமல் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது. இதை எந்த செமஸ்டரிலும் சொல்லித்தரவில்லை.

இதற்கு மேலே போக விரும்பினால் சி.ஏ. இருக்கிறது. 55 சதவீதத்தோடு பி.காம். முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி தரும் மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்தில் பி.காம். படித்தவர்களும் பதியலாம். அந்த போர்டின் தென்மண்டல அலுவலகம் நம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

நம் இஷ்டப்படி படிப்பதில் ஒரு சிக்கல்

வகுப்புக்குப் போகாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறார்கள். ஸ்வயம் பாடத்தை மூன்றாவது வாரத்தில் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் செட்டில் ஆர்வமாகப் பதிந்தவர்கள் நிறைய, தேர்வு எழுதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்த மருந்து மூன்று. நேரத்தை ஒரே மணியில் கட்டிப் போடுங்கள். தேர்வுக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிடுங்கள் (கட்டின காசு விரட்டும்). தனியாகப் படிக்காமல் ஒரு ஆளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. தமிழக அரசு 2022-இல் 'நான் முதல்வன்' தொடங்கியபோது, திறன் பயிற்சி கல்லூரிக்குள்ளேயே வந்தது நல்ல விஷயம். ஆனால் அதுவும் இன்னொரு வருகைப்பதிவாக ஆகிவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் மாலையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைப் போல் காலியான அரை நாள் கிடையாது. ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டை, பழைய ப்ராஜெக்ட்டை ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் போடுவதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு சின்னக் கடையின் மூன்று மாதக் கணக்கை எழுதி முடிப்பதாக மாற்றினால் என்ன? கடைக்காரருக்கும் உபகாரம், நமக்கும் இன்டர்வியூவில் காட்ட ஒரு நிஜமான வேலை இருக்கும்.

ஃபைனல் இயர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் "எனக்குத் தனியாகச் செய்யத் தெரிந்த வேலை" என்று எழுதி அதன் கீழே பட்டியல் போடுங்கள். மூன்று வரி கூட வரவில்லை என்றால், முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள். டிகிரியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

உங்கள் ஊரில் குறைந்த செலவில் உருப்படியாகச் சொல்லித்தரும் இடங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். என் தோழியின் தங்கை இந்த வருடம் +2 முடிக்கிறாள்.