அஞ்சு பேரில் ஒருத்தன்

காலை எட்டரை மணிக்குத் திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகும். உள்ளே டை கட்டிய பிள்ளைகள். அதே நேரத்தில் ஓரமாக நாலைந்து பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த பையை மாட்டிக்கொண்டு நடந்து போவார்கள். உங்கள் பிள்ளை வேனில் போகிறதா, நடந்து போகிறதா?

வேனில்தான் என்றால், காரணமும் தயாராக இருக்கும். “கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பிள்ளைங்களே இல்லீங்க. ரிசல்ட்டும் சரியில்ல.”

முதலில் ரிசல்ட்டைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் அஞ்சு பேர். அதில் ஒருத்தனுக்கு வாசிக்க வரவில்லை. உடனே 20 சதவிகிதம் போச்சு. 200 பேர் இருக்கிற பெரிய பள்ளியில் அதே ஒருத்தன் வெறும் அரை சதவிகிதம். பிள்ளை ஒன்றுதான். ஒரு இடத்தில் அவன் பள்ளிக்கூடத்தின் மானத்தையே வாங்குகிறான். இன்னொரு இடத்தில் கண்ணுக்கே தெரிய மாட்டான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்?

அடுத்து, அந்த அஞ்சு பேர் யார்? அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா மீன் கூடையோடு கிளம்பியிருப்பார். வீட்டில் எழுத்துச் சொல்லித்தர ஆள் கிடையாது. கடலூர் 2004-ல் சுனாமியைப் பார்த்தது. 2011 கடைசியில் தானே புயல். 2015-ல் வெள்ளம். ஒவ்வொரு முறையும் வீட்டோடு சேர்த்துப் புத்தகத்தையும் பறிகொடுத்தது யார் வீட்டுப் பிள்ளை? எல்.கே.ஜி.க்கே பிள்ளையையும் பெற்றோரையும் இன்டர்வியூ செய்து எடுக்கிற பள்ளியோடு இவர்களைப் போட்டிக்கு விடுவது என்ன நியாயம்? அந்த இன்டர்வியூவைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. நின்றுவிட்டதா என்பது உங்களுக்கே தெரியும்.

“சொல்லித்தர்ற முறையே பழசு” என்பார்கள். அதுவும் தப்பு. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் பார்த்துக் கற்றது. சில வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டை, ஏணி, பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அவரவர் வேகத்தில் படிக்கலாம். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் தொடங்கச் சொல்கிறது. இதையே நகரத்தில் மாண்டிசோரி என்று போர்டு மாட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோம். மரியா மாண்டிசோரி 1907-ல் தன் முதல் பள்ளியைத் திறந்தது ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அட்டை கிழிந்தால் புது அட்டை வர மாதக்கணக்காகிற பள்ளிகள் உண்டு. ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. அஞ்சு வகுப்புக்கு இரண்டே பேர்! அதில் ஒருவர் மீட்டிங் போய்விட்டால் என்ன முறை வைத்து என்ன பயன்? திட்ட வேண்டியது இதைத்தான். இதைத் திட்டாமல் பிள்ளையைத் திட்டுகிறோம்.

பிள்ளைகள் ஏன் இல்லை? அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடத்துக்கு அரசே பணம் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் தன் பள்ளியின் ஒன்றாம் வகுப்பைத் தானே காலி செய்துவிட்டு, “யாரும் சேரலை” என்று கையை விரித்தால் எப்படி? 2019-ல், பிள்ளைகள் இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கப் போவதாகச் சொன்னார்கள். வாசிக்கப் பழகுகிற இடத்தை மூடிவிட்டு நூலகம்!

புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது இதே திருப்பாப்புலியூரில்தான். பி.ஏ. முடிக்கும்போது அவருக்கு வயது 25. இன்றைக்கு எந்தப் பள்ளியின் ஃபிளெக்ஸ் போர்டில் அவர் படம் வரும்? பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. நம் மனசில் இருக்கிற பட்டியலை யார் நிறுத்துவது?

உங்கள் தெருவில் ஒரு சின்ன அரசுப் பள்ளி இருக்கும். பிள்ளையைச் சேர்ப்பது அப்புறம் இருக்கட்டும். ஒரு நாள் போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஜூனில் வாசிக்கத் தெரியாமல் வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஏப்ரலில் வாசித்தவர்கள் எத்தனை பேர்? வருஷத்தில் எத்தனை நாள் எல்லா ஆசிரியர்களும் வகுப்பில் இருந்தார்கள்?

பதிலைக் கேட்டுவிட்டு வந்து, “ரிசல்ட் சரியில்ல” என்று தாராளமாகச் சொல்லுங்கள். யாருடைய ரிசல்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.